சலோங்கோ கிவும்பியும் ஐம்பத்தைந்து வயது இமேஜும்

கிவும்பிக்கு எந்தப் பொருளையும் மேலாகப் பார்த்துப் பழக்கமில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்ப்பார்கள். இவர் பந்தலுக்குப் பின்னால் போய், ஜெனரேட்டருக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பார். சொந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, எது முதலில் வந்தது, அடையாளம் ஏதாவது போட்டீர்களா என்று நர்ஸை அவர் குடைந்த குடைச்சலில், அவள் இரண்டையும் அவர் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். இரட்டைக்கு அப்பன் ஆனதால் அன்றிலிருந்து அவர் சலோங்கோ. மனைவி நலோங்கோ. சொந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட மசாக்கா வட்டாரத்தில் இப்போது ஆளில்லை.

முட்டுகுலா எல்லையில் ஜப்பான் பழைய கார்களைப் பரிசோதித்து உள்ளே விடுவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட கார் நாட்டுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். ஆகவே தார்-எஸ்-சலாம் துறைமுகத்திலிருந்து வரும் ஒவ்வொரு காரும் எல்லைக்கு வரும்போது இளமை திரும்பி வந்து நிற்கும். பெயின்ட் மின்னும். மீட்டர் குறைந்திருக்கும். கிவும்பி அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கதவைத் திறந்து பிரேக் பெடலின் ரப்பரைத் தடவுவார். "மீட்டர் முப்பதாயிரம்ங்குது. பெடல் மூணு லட்சம்ங்குது. நான் பெடல நம்புறேன். வண்டிய ஓரங்கட்டு" என்பார். அவ்வளவுதான். ஓரங்கட்டியது ஓரங்கட்டியதுதான். ஒரு பாதிரியாரின் வண்டி அப்படி நின்று நின்று, கடைசியில் கோழிகள் அதில் முட்டையிட்டன. பாதிரியார் மேலிடம் வரைக்கும் போய்ப் பார்த்தார். தள்ளிய பொருளைக் கிவும்பி திரும்ப ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. கைநீட்டி வாங்கியதாகவும் இல்லை. பின்னதைப் பற்றி அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். முன்னதை மற்றவர்கள் சொல்வார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து காப்பித் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, குனிந்து பார்க்க எதுவுமில்லாமல் கொஞ்ச காலம் வாடிப்போனார். காப்பிச் செடிக்கு அடியில் மண்தான் இருக்கிறது. அப்போதுதான் புலேரா காப்பி விவசாயிகள் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியது. கிவும்பிக்கு மறுபடி பசியெடுத்தது.

சங்கத்துக்கு மூன்று கொள்முதல் நிலையங்கள்: கடைத்தெரு, ஏரிக்கரை, மேடு. உலர்ந்த காப்பி மூட்டையைத் தராசில் வைத்தால் எடை எவ்வளவு, ஈரம் எவ்வளவு, ஈரத்துக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒரு புரோகிராம் கணக்குப் போட்டுச் சொல்லும். கம்பாலாவில் நிந்தா பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கும் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. செய்தவள் நகிட்டோ. நாற்பது வயது, கண்ணாடி, வாய் கொஞ்சம் நீளம். புரோகிராமையும் அது ஓடுவதற்கு வேண்டிய சகலத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புவாள். கண்டெய்னர் இமேஜ் என்று அதற்குப் பெயர். மட்டோக்கே வாழைக்காய் வேகவைக்கிற சட்டியில் வாழையிலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடுகிற மாதிரி, இமேஜும் அடுக்கடுக்காகத்தான் உருவாகும். செய்கிற ஒவ்வொரு மாற்றமும் ஓர் அடுக்கு. எந்த அடுக்கில் என்ன செய்தார்கள், எவ்வளவு பெரிது, எப்போது செய்தது என்று அத்தனையையும் ஒரே ஒரு கட்டளை போட்டால் திரையில் காட்டிவிடும். அந்தப் பொட்டலத்தின் வரலாறு.

இந்தக் கட்டளையை நகிட்டோ ஒருநாள் ஏதோ அவசரத்துக்கு அடித்தாள். கிவும்பி அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். காருக்கு அடியில் படுக்காமலே அடியைப் பார்க்கலாம் என்ற செய்தி அவரை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அதன்பிறகு சங்கத்துக்கு எந்த இமேஜ் வந்தாலும் முதலில் சலோங்கோ வரலாறு பார்ப்பார், அவர் கையெழுத்துப் போட்டால்தான் நிலையங்களுக்குப் போகும் என்று கமிட்டியிலேயே தீர்மானம் ஆகிவிட்டது. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல்தான் தீர்மானம் போட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

முதல் தடவை பார்த்தபோதே வம்பு. மேலே உள்ள ஓர் அடுக்குக்கு அடையாள எண் இருந்தது. கீழே உள்ள அடுக்குகளுக்கெல்லாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'காணவில்லை' என்று இருந்தது. நகிட்டோவை 'ஞாபோ', அதாவது அம்மணி, என்று மரியாதையாகக் கூப்பிட்டே கேட்டார்.

"எங்க பக்கம் பொண்ணு கேக்கப் போனா அப்பா பேரு, தாத்தா பேரு, குலம் எல்லாம் நின்னு சொல்லணும் ஞாபோ. இது காணோம் காணோம்னே சொல்லுது. இதுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"கீழ இருக்கிற அடுக்குங்க வேற மெஷின்ல செஞ்சது சலோங்கோ. அதோட நம்பர் இங்க வராது, அவ்வளவுதான். சரக்கு பூரா உள்ளதான் இருக்கு. அப்புறம், நாங்க பொண்ணு கேக்க வரல. காப்பி நிறுக்க வந்திருக்கோம்."

அதற்கு அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தக் குலம்கோத்திரம் தெரியாத இமேஜை அவர் கடைசிவரை முழுசாக நம்பவில்லை. அதற்குத் தகுந்த மாதிரி போன அறுவடையில் ஒரு கூத்து நடந்தது.

ஒரே மூட்டைக்கு மூன்று நிலையத்திலும் மூன்று விதமாகக் கழித்தது. ஜனங்களுக்கு இது தெரிய எத்தனை நாழி ஆகும்? ஈரக் காப்பிக்கு ஏரிக்கரை, காய்ந்த காப்பிக்கு மேடு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூட்டையை போடாபோடா என்கிற வாடகை பைக்கில் கட்டிக்கொண்டு, எங்கே குறைவாகக் கழிப்பார்கள் என்று ஊர்வலம் போனார்கள். அந்த சீசனில் காப்பி விற்றவனைவிடப் பைக் ஓட்டினவன் அதிகம் சம்பாதித்தான். நகிட்டோ வந்து பார்த்தாள். பெயர் ஒன்றுதான்; மூன்று நிலையத்திலும் இருந்த இமேஜ், வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஆள் கட்டிய வெவ்வேறு பொட்டலம். இனி மூன்றும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும், இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம், அப்படிச் செய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் கொள்முதல் தொடங்குகிற நாள் காலையில் கொண்டுவந்தாள்.

கடைத்தெரு நிலையம் இருக்கிற சங்க முற்றத்தில் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. மதில் ஓரம் ஜனம். சாலையில், அத்திமரத்தடியில், வெளியூர் வியாபாரியின் லாரி ஒன்று சும்மா நின்றது. சும்மா என்றால், சங்கத்தில் ஏதாவது தகராறு வராதா என்று நின்றது. விலை குறைவு, ஆனால் ஈரமும் பார்க்கமாட்டான், கேள்வியும் கேட்கமாட்டான். உள்ளே கிவும்பி கான்சு என்கிற நீள அங்கியின் கையை மடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இரண்டு விரலால் கட்டளையை அடித்தார். அடுக்குகள் வரிசையாக வந்தன. அவர் பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். அப்புறம் காதிலிருந்து எடுத்தார்.

"ஞாபோ நகிட்டோ, இங்க கொஞ்சம் வாங்க."

"வந்தேன் சலோங்கோ. எந்த அடுக்கு புடிக்கல?"

"அடுக்கெல்லாம் புடிச்சிருக்கு. வயசுதான் இடிக்குது."

அவர் பென்சில் முனையால் காட்டினார். எல்லா அடுக்குக்கும் நேராக, செய்யப்பட்டது ஐம்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு என்று இருந்தது.

"நான் சொல்லல. உங்க சாமானே வாயத் திறந்து சொல்லுது. இடி அமீன் நாற்காலில உக்காருறதுக்கும் முந்தின வருஷம். பதினஞ்சுக்கு மேல போனா காரையே நான் உள்ள விட்டதில்ல."

"அது பழசு இல்ல சலோங்கோ. நேத்து காலையில கட்டினது. தேதிய நான்தான் பூஜ்யம் ஆக்கி வெச்சேன்."

இதை அவள் வேறு எந்த ஊரில், வேறு எந்த மனிதரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கிவும்பி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பழைய ஒளி வந்தது.

"மீட்டரத் திருப்பினீங்க."

"மீட்டர் இல்ல, தேதி."

"முட்டுகுலாவுல எத்தனையோ பேர்கிட்ட இதக் கேட்டிருக்கேன். ஒருத்தனும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டதில்ல. அதுக்காக உங்களுக்கு ஒரு மரியாதை."

ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நமுசிசி நின்றிருந்தாள். நமுசிசியிடம் நாலு ஏக்கர் காப்பியும், அதைவிட விளைச்சல் தரும் நாக்கும் உண்டு. உள்ளே நடந்தது முற்றத்துக்குப் போக வேறு கம்பி வேண்டியதில்லை. கிவும்பி வராந்தாவுக்கு வந்து, இமேஜ் தள்ளப்பட்டது என்று முறையாக அறிவிப்பதற்குள், கம்பாலாக்காரி அமீன் காலத்துக்கு முந்தின புரோகிராமைத் துடைத்து மெருகு போட்டுக் கொண்டுவந்துவிட்டாள் என்று கடைசி மூட்டைக்காரன் வரைக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் இரண்டு பேர் லாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நகிட்டோ கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சலோங்கோ, மீட்டர் பொய் சொல்லும். சரி. அப்ப இந்தக் கார் அந்தக் கார்தான்னு எதவெச்சுச் சொல்லுவீங்க?"

"சேசிஸ் நம்பர். பேப்பர மேல வெச்சுப் பென்சிலால தேய்ச்சா அப்படியே வந்துரும்."

"இதுக்கும் உண்டு." இமேஜுக்கு நேராக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரியைக் காட்டினாள்.

"யாரு குத்தினது? நீங்கதான. சொந்தமா நம்பர் குத்துற பட்டறை கம்பாலாவுல தெருவுக்கு ஒண்ணு இருக்கு."

"யாரும் குத்த முடியாது. உள்ள இருக்கிறதப் பூரா கணக்குப் போட்டு அதுவா வர்ற நம்பர். ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிரும். தேதியும் உள்ள இருக்கிற சரக்குல சேர்த்திதான். நான் நேத்து கட்டினா ஒரு தேதி, நீங்க இன்னிக்குக் கட்டினா ஒரு தேதி. மத்ததெல்லாம் ஒண்ணா இருந்தாலும் நம்பர் ஒத்துவராது. அதனாலதான் எல்லாத் தேதியையும் ஒரே இடத்துல நிறுத்தினேன். பூஜ்யத்துல நிறுத்தினா கம்ப்யூட்டர் அத 1970ன்னு படிக்கும். என்ன நம்ப வேணாம். செய்முறை இதோ இருக்கு. உங்க கையால, உங்க கம்ப்யூட்டர்ல நீங்களே கட்டுங்க. என்ன நம்பர் வருதுன்னு பாருங்க."

இது கிவும்பிக்குப் பிடித்த மாதிரிப் பேச்சு. பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளாமல் வேலையை ஆரம்பித்தார். இணையம் ஆமை வேகம். காத்திருக்கிற நேரத்தில் நகிட்டோ வெளியே ஆளனுப்பி டீயும், முட்டை சுருட்டிய சப்பாத்தியும் வரவழைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் செய்முறைக்குள் யாருக்கும் சொல்லாமல் ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்தார். எல்லையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். முதலில் தானே ஏமாற்றிப் பார்ப்பார்.

நம்பர் வந்தது. முதல் எழுத்திலிருந்தே வேறு.

"ஒத்துவரல" என்றார் திருப்தியாக.

நகிட்டோ திரையைப் பார்த்தாள். செய்முறையைப் பார்த்தாள். "மூணாவது வரி கடைசில ஒரு புள்ளி இருக்கே சலோங்கோ. சப்பாத்தித் துகளா?"

அவர் புள்ளியை அழித்தார். மறுபடி கட்டினார். இந்தத் தடவை நகிட்டோ கொண்டுவந்த நம்பரைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் வந்ததை எழுத்து எழுத்தாகப் பென்சிலால் தட்டித் தட்டிச் சரிபார்த்தார். பாதி வரைக்கும் நிதானமாகப் போன பென்சில், அப்புறம் தயங்கித் தயங்கிப் போயிற்று. கடைசி எழுத்தும் ஒத்துப்போயிற்று.

புரோகிராம் சரியா தப்பா என்ற கவலை அப்போதே போய்விட்டது. இப்போது வேறு கவலை. வராந்தாவில் நின்று ஊரறியத் தள்ளியதை ஊரறிய எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிரியார் காரில் கோழி முட்டையிட்டபோதுகூட அவர் இதைச் செய்ததில்லை. செய்யாமல் விட்டாலும் ஒன்றும் இல்லை. நகிட்டோ பஸ் ஏறிவிடுவாள், பழைய மூன்று பொட்டலங்களே ஓடும், மூட்டைகள் பாதி பைக்கிலும் பாதி லாரியிலும் போகும், சலோங்கோ சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயர் நிற்கும். பென்சிலை அவர் சிறிது நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மூன்று நிலையத்துக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு, வேட்டைக்குப் போகிறவர் மாதிரி கான்சுவை இழுத்து நேராக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"பாத்துட்டேன். புதுசுதான். நல்ல சாமான். நான் சொன்னது தப்பு."

நமுசிசி ஜன்னலிலிருந்து வராந்தாவுக்கு நேராக நகர்ந்து வந்தாள்.

"காலைல பழசு. இப்ப புதுசு. நடுவுல என்ன நடந்துச்சு சலோங்கோ?"

"சோதிச்சேன்."

"டீ உள்ள போச்சு. சப்பாத்தி உள்ள போச்சு. நான் ஜன்னல்லதான நின்னேன். யாரு வாங்கிக் குடுத்தது?"

கிவும்பி பொய் சொல்லிப் பழகாதவர். "நகிட்டோ."

"ஓகோ" என்றது கூட்டம். ஒரே குரலாக, நீளமாக.

"முட்டுகுலாவுல அசையாத மனுஷன். இங்க ஒரு முட்டை சப்பாத்திக்கு விழுந்துட்டாரு" என்றாள் நமுசிசி. "பெருசா ஏதாவது கேட்டிருக்கக் கூடாதா? எங்க மானமும்ல போகுது."

சிரிப்பு எழுந்தது. கிவும்பி தேதியை ஏன் நிறுத்தினார்கள் என்று விளக்கப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர், "மீட்டர நிறுத்தினவன் திருடன்னு நீங்கதான சலோங்கோ எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க" என்றார். அது உண்மை. கள்ளுக்கடை, துக்க வீடு, கமிட்டி என்று ஓர் இடம் விடாமல் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். நம்பர் எழுதிய காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அதை யாருக்கும் படிக்கப் பொறுமையில்லை. இரண்டு மூட்டைகள் மதில் ஓரத்திலிருந்து எழுந்து லாரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தன.

வாழ்நாள் பூராவும் மற்றவர் கையைப் பார்த்த மனிதர். இன்று ஊர் அவர் கையைப் பார்க்கிறது. நிற்கிற இடத்திலேயே நின்று பேசிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. முற்றத்தில் இறங்கி, தன் வீட்டு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த நலோங்கோவிடம் போனார். கமிட்டிக்காரர்கள் கடைசியில்தான் நிறுப்பது வழக்கம்.

"நம்ம மூட்டை முதல்ல போகட்டும். நமுசிசி, நீ வந்து பட்டனை அமுக்கு. நகிட்டோ அந்தப் பக்கமே வர வேணாம்."

மூட்டை தராசில் ஏறியது. நமுசிசி உடுப்பு நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். எடை வந்தது. ஈரம் வந்தது. அப்புறம் கழிவு வந்தது. நமுசிசி அதை வாசித்துவிட்டு, வாசித்தது சரிதானா என்று பக்கத்தில் இருந்தவரையும் வாசிக்கச் சொன்னாள்.

"எவ்வளவு?" என்றார் கிவும்பி.

அவள் சொன்னாள். போன வருஷம் இந்த மாதிரிக் காப்பியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோனவர்களுக்கு இதில் கால்வாசிகூடப் போகவில்லை.

கிவும்பி உடனே குனிந்து தராசுக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு கல்லும் இல்லை, காலும் இல்லை. ஈரம் பார்க்கிற கருவியைத் தூக்கி அதன் அடியையும் பார்த்தார். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது.

"மூட்டைய ஏரிக்கரைக்குக் கொண்டுபோங்க" என்றார்.

"எதுக்கு?"

"மூணு இடத்துலயும் ஒண்ணுதானான்னு சோதிக்கணும்ல." குரலில் சோதனை இருந்தது, கொஞ்சம் ஆசையும் இருந்தது.

மூட்டை பைக்கில் ஏறியது. கூடவே சாட்சிக்கு நமுசிசியின் தங்கை போனாள். போன் வரும்வரைக்கும் லாரிப் பக்கம் நடந்த மூட்டைகளும் நின்ற இடத்தில் நின்றன. இதை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. போன் வந்தது. நமுசிசி ஸ்பீக்கரில் போட்டாள். தங்கை எண்ணைச் சொன்னாள். அதே எண். ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"நேத்து மழைக்கு முன்னால தார்ப்பாய மூடுங்கன்னு சொன்னேன்" என்றாள் நலோங்கோ, பொதுவாக, யாரையும் பார்க்காமல். "இரு, பழைய இமேஜோட வரலாற ஒரு தடவை பாத்துட்டு வர்றேன்னு சங்கத்துக் கம்ப்யூட்டர மடில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. காப்பி நனைஞ்சுது. வரலாறு நனையல."

முற்றமே சிரித்தது. நகிட்டோ சிரிக்கக் கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அந்த மூட்டைய வேணும்னா திரும்ப வாங்கிக் காயவெச்சு எடுத்துட்டு வாங்க சலோங்கோ" என்றாள். "சட்டத்துல இடம் இருக்கு."

"வேணாம். விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும்."

நமுசிசி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கைநீட்டி வாங்கியிருந்தா இப்படியா வெட்டு விழும்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "சப்பாத்திக் காசுகூடத் தேறல மனுஷனுக்கு." பிறகு தன் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். "ஒரு கை பிடிங்க சலோங்கோ. என்னோடது காஞ்ச காப்பி. பயமில்ல."

கிவும்பி ஒரு பக்கம் பிடித்தார். லாரிப் பக்கம் போன இரண்டு மூட்டைகளும் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நிற்கப் பார்க்க, எங்கள் இடம் முன்னால்தான் இருந்தது என்று அங்கே ஒரு புதுச் சண்டை தொடங்கியது.